செல்ஃப் அடிக்காதீங்க, சாமி!

"மச்சான், இந்த ஆயுத பூஜைக்கு அப்பா வண்டிய ஸ்டார்ட் பண்ணிடலாமா? பக்கத்துத் தெருப் பையன் பேட்டரி எடுத்துட்டு வர்றேங்கிறான். செல்ஃப் அடிச்சா புடிச்சிடுமாம்."

2025 செப்டம்பர் ஆரம்பத்தில், பாகூரிலிருந்து மாமா பையன் போன் பண்ணி இப்படிக் கேட்டான். நான் அப்போது வில்லியனூர் வீட்டில் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டு இருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினேன்: "டேய், சாவியை எடுத்து அத்தைகிட்ட குடு. நான் வர்ற வரைக்கும் ஒருத்தனும் அந்த வண்டியத் தொடக்கூடாது."

எதுக்கு இவ்ளோ டென்ஷன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க மக்களே.

எங்கள் வீட்டில் அப்பாவின் பிரீமியர் பத்மினி ஒன்று இருந்தது. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். அதில்தான் நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்பாவுக்குக் கண் பார்வை மங்கிய பிறகு ஆறு வருஷம் கொட்டகையில் அப்படியே நின்றது. 2009 ஆயுத பூஜை அன்றைக்கு எனக்கு ஞானோதயம். வண்டிக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, ஸ்டார்ட் பண்ணி அப்பாவை உட்கார வைத்து ஒரு ரவுண்டு போகணும். தெரிந்த மெக்கானிக் ஒருத்தர் வந்தார். செல்ஃப் அடித்தார். "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சின் இறுகிக் கிடந்தது. "டிராக்டர்ல கட்டி இழுத்தா வந்துடும் சார்" என்றார். நானும் மண்டையை ஆட்டினேன். பூஜைக்கு நேரமாகுதே!

டிராக்டர் இழுத்தது. செகண்ட் கியரில் கிளட்சை விட்டதும் பின் சக்கரம் ரெண்டும் சுற்றாமல் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே போனது. அப்புறம் "டடக்" என்று ஒரு சத்தம். எஞ்சின் சுற்றிவிட்டது, புகை கக்கிக்கொண்டு ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது. தெருவே கை தட்டியது. அப்பா முகத்தில் சிரிப்பு. சரியாகப் பத்து நிமிஷம்தான். உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் வர ஆரம்பித்து, நின்றுபோனது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ரிங் உடைந்து போரை உழுது வைத்திருக்கிறது, பியரிங் தேய்ந்து செம்பு தெரிகிறது. சரி பண்ணக் கேட்ட காசுக்கு ஓடுகிற பத்மினியே ஒன்று வாங்கலாம். 12,000 ரூபாய்க்குக் காயலான்கடைக்குப் போனது. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். வருஷக்கணக்கா நின்ன வண்டி நின்னதால சாகுறது கம்மி. நாம அதை அவசரமா ஸ்டார்ட் பண்ற அந்த அஞ்சு நிமிஷத்துலதான் சாகுது. அந்த அஞ்சு நிமிஷத்தை யாராவது தடுத்தால், நம்மூர்க் கொட்டகைகளில் தூங்கும் அம்பாசடர், பத்மினிகளில் பாதியாவது பிழைத்துக்கொள்ளும் என்பது என் கட்சி.

உள்ளே என்ன நடக்குது?

ஓடுகிற எஞ்சினுக்குள் உலோகத்தோடு உலோகம் உரசாமல் நடுவில் ஒரு ஆயில் படலம் இருக்கும். வண்டி நின்ற சில நாளிலேயே அதில் பெரும்பகுதி வடிந்து கீழே சம்ப்புக்குப் போய்விடும். வருஷக்கணக்கானால் சிலிண்டர் சுவர் கிட்டத்தட்ட வெறும் இரும்புதான். நாலு சிலிண்டரில் ஏதாவது ஒன்றின் வால்வு எப்போதும் திறந்திருக்கும். அது வழியாக ஈரக்காற்று உள்ளே போகும். பிஸ்டன் ரிங் இருக்கும் இடத்தில் ஒரு கோடாகத் துரு பிடிக்கும். ரிங்கும் சுவரும் ஒட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் ராஜஸ்தானில் மெதுவாக நடக்கும். நம்ம ஊரில்? கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் துணியே காயாது. போதாததற்குப் புயல் வேறு. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியது. அதில் மாமா வீட்டுக் கொட்டகையின் கூரை பறந்து, அம்பாசடர் நாலு நாள் மழையில் நனைந்தது. அடுத்த வருஷமே மாமா தவறிவிட்டார். வண்டி அன்றைக்கு நின்றது நின்றதுதான். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம். பாகூர் பக்கம் பல ஊரில் தண்ணீர் புகுந்தது. மாமா கொட்டகையில் வண்டிச் சக்கரத்தில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை இன்னும் இருக்கிறது.

இப்படி 13 வருஷம் நின்ற ஒரு எஞ்சினை, புது பேட்டரி போட்டு ஒரே மூச்சில் சுற்றினால் என்ன ஆகும்? ஆயில் இல்லாத பியரிங் தேயும். ஒட்டின ரிங் உடையும். இறுகின வால்வை அமுக்கப் பார்த்து புஷ் ராடு வளையும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் இன்னும் மோசம். தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வந்து முட்டும், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களுக்கு நடந்தது ஞாபகம் இருக்கா? தண்ணீர் வடிந்ததும் "பாப்போமே" என்று சாவியைத் திருப்பி, பிழைத்திருக்க வேண்டிய எஞ்சினைக் கொன்றவர்கள் எத்தனை பேர்! புது வண்டிக்கே அந்தக் கதி.

பாகூரில் நாங்க பண்ணினது

மாமா வண்டி 1977 மாடல் அம்பாசடர் மார்க் 3. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வம்சம். நெல் மூட்டை, பிரசவ வலி, கல்யாணப் பெண், கோயில் குருக்கள் என்று பாகூரில் பாதிப் பேரை ஏற்றி இறக்கியிருக்கிறது. காயலான்கடைக்காரர் ஒருத்தர் ரெண்டு தடவை வந்து விலை கேட்டுவிட்டுப் போனாராம். அத்தை மட்டும் "இருக்கட்டும்" என்று சொல்லி வைத்திருந்தார். பையனோ ஆயுத பூஜைக்கு ஸ்டார்ட் ஆகலைன்னா கொடுத்துடலாம் என்கிற மூடில் இருந்தான். ஆக, இந்தத் தடவை தப்பு பண்ணினால் போவது எஞ்சின் மட்டும் இல்லை.

வில்லியனூரில் அம்பாசடர் காலத்து மெக்கானிக் பெரியவர் ஒருத்தர் இருக்கிறார். கடையை மூடி ரொம்ப நாளாச்சு. அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போனோம். முதல் ஞாயிறு அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. "மொதல்ல வைக்கோலை அள்ளுங்க தம்பி" என்றார். வண்டிக்கு ரெண்டடி தள்ளி வைக்கோல் போர்! பெட்ரோல் வேலை பார்க்கப் போகிற இடம். எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்க.

அப்புறம் பானெட்டைத் திறந்தோம். ஏர் கிளீனருக்குள் எலிக்கூடு, அதில் அத்தையின் பழைய புடவைத் துணி. ஒயரை நாலு இடத்தில் எலி கடித்திருந்தது. பேட்டரியை மாட்டியிருந்தால் அந்த இடத்திலேயே ஷார்ட் ஆகிப் புகைந்திருக்கும். பின் சீட்டுக்கு அடியில் பாம்புச் சட்டை (ஓனர் வீட்டில் இல்லை, நல்லவேளை). பழைய பேட்டரியைக் கழற்றித் தூர வைத்தோம்.

டேங்க்கில் கொஞ்சம் பெட்ரோல் இருந்தது. பெட்ரோல் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காபி டிகாக்ஷன் நிறம், வார்னிஷ் வாசனை. இந்தக் கண்ராவி கார்புரேட்டருக்குப் போனால் ஜெட் எல்லாம் பிசின் அடைத்தது மாதிரி ஆகிவிடும். வடித்துவிட்டு, டேங்க்கிலிருந்து வரும் பைப்பையே கழற்றிவிட்டோம். முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்க்கைத் தொடவே கூடாது. சுத்தமான சின்ன கேனில் ரெண்டு லிட்டர் புதுப் பெட்ரோல், புது ஹோஸ், அது போதும்.

அடுத்தது சம்ப்பின் ட்ரெயின் நட். கழற்றியதும் முதலில் அரை டம்ளர் தண்ணீர் வந்தது, அப்புறம்தான் ஆயில். தண்ணீர் கனம் அதிகம், அடியில்தானே நிற்கும். இதோடு செல்ஃப் அடித்திருந்தால் ஆயில் பம்ப் முதலில் உறிஞ்சியிருப்பது அந்தத் தண்ணீரைத்தான். என் மாமா பையன் அப்போதுதான் முதல் தடவையாக வாயை மூடினான்.

பிறகு நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ரெண்டு டீஸ்பூன் மெல்லிய ஆயில். பெரியவர் எஞ்சின் ஆயிலோடு மண்ணெண்ணெய் கலந்து வைத்திருந்தார். ஊற்றிவிட்டு, ஓட்டையைத் துணியால் மூடிவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை பாக்கலாம்" என்று கிளம்பிவிட்டார். மாமா பையன் முகத்தைப் பார்க்கணுமே. "அவ்ளோதானா?" அவ்ளோதான். ஒரு வாரம் ஆயில் தன் வேலையைப் பார்க்கும், நாம் நம் வேலையைப் பார்க்கணும்.

ரெண்டாவது ஞாயிறு. பிளக் எல்லாம் வெளியே இருக்க, முன்னால் ஹேண்டிலைப் போட்டுக் கையால் அழுத்திப் பார்த்தோம். அசையவில்லை. எனக்குக் கை துறுதுறு என்றது, பைப்பைச் செருகி நீளமாக்கி ஏறி மிதிக்கலாமா என்று. பெரியவர் முறைத்தார். "கையால வரலன்னா இன்னும் ஊறல்னு அர்த்தம். மிதிச்சா எதாவது ஒடையும். என்ன ஒடைஞ்சதுன்னு பிரிச்சாத்தான் தெரியும்." மறுபடி ஆயில், மறுபடி ஒரு வாரம். மூன்றாவது ஞாயிறு ஹேண்டில் ஒரு விரல்கடை அசைந்தது. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டி, ஒரு மணி நேரத்தில் ஒரு முழுச் சுற்று வந்தது. நிஜமாகவே கண் கலங்கிவிட்டது, சிரிக்காதீங்க.

அதோடு முடியவில்லை. மேலே டேப்பட் கவரைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றி, எட்டு வால்வும் ஏறி இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஏழு ஒழுங்காக வேலை செய்தது. எட்டாவது கீழே போனது, மேலே வரவில்லை. செல்ஃபில் சுற்றியிருந்தால் அந்த இடத்தில் புஷ் ராடு நழுவியிருக்கும், வளைந்திருக்கும், யார் கண்டது. வால்வுத் தண்டில் தினம் கொஞ்சம் ஆயில் விடுவது, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுவது. இந்த வேலையை மாமா பையனிடம் ஒப்படைத்தோம். அஞ்சு நாள் செய்தான். அஞ்சாம் நாள் ராத்திரி பத்து மணிக்குப் போன்: "மச்சான், மேல வந்துடுச்சு!" செல்ஃப் அடிக்கணும்னு குதித்த அதே ஆள்தான்.

இதற்கிடையில் அக்டோபர் 1-ம் தேதி ஆயுத பூஜை வந்துவிட்டது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அத்தை வாழை இலையில் நாலு பிளக்கையும் ஹேண்டிலையும் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலையோடு படைத்தார். 2009-ல் எனக்கு இந்த யோசனை வந்திருக்கக் கூடாதா?

ஸ்டார்ட் பண்ணின அன்னைக்கு

அக்டோபர் 12, ஞாயிறு. அதற்குள் புது ஆயில், ஃபில்டர், புது ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், பெட்ரோல் பம்புக்கு டயாஃப்ரம், கடிபட்ட ஒயர்களுக்கு மாற்று எல்லாம் போட்டாகிவிட்டது. பாண்டியில் கிடைக்காததைச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினேன். 2014-ல் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனாலும் சாமான் இன்னும் கிடைக்கிறது. பாயிண்ட்டைச் சுத்தம் பண்ணி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டியிருந்தோம். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி விட்டு எங்கும் ஒழுகவில்லை என்று பார்த்தாச்சு.

முதலில் பிளக் இல்லாமல், காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் கேனைத் தூரத்தில் வைத்துவிட்டு செல்ஃப். ஆமாம், இப்போதுதான் செல்ஃப்! பத்து செகண்டு அடிப்பது, ஒரு நிமிஷம் விடுவது. பிளக் இல்லாததால் எஞ்சினுக்குப் பளு இல்லை, லேசாகச் சுற்றும். எதற்கு இது? ஆயில் பம்ப் ஆயிலை மேலே ஏற்றி எல்லா பியரிங்குக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க. பெரியவர் தனியாக ஒரு ஆயில் பிரஷர் மீட்டரை மாட்டி வைத்திருந்தார். ஆறாவது தடவை முள் எழுந்தது. அதற்கப்புறம்தான் பிளக்கை மாட்டினோம்.

இங்கே ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்லணும். நம்ம ஊரில் வண்டி பிடிக்கவில்லை என்றால் பாட்டிலில் பெட்ரோலை எடுத்துக் கார்புரேட்டர் வாயில் ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிக்கச் சொல்வார்கள். சினிமா ஹீரோ மாதிரி இருக்கும். எஞ்சின் திருப்பி உதைத்தால் தீ அந்த வாய் வழியாகத்தான் வெளியே வரும், பாட்டில் உங்கள் கையில் இருக்கும். மூஞ்சி போயிடும். செய்யவே செய்யாதீங்க. பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் ஒன்றும் ரெண்டு வாளி மணலும் வையுங்க. பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் மிதந்து பரவும். இன்னொன்று, மூடின ஷெட்டுக்குள் ஸ்டார்ட் பண்ணாதீங்க. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றுவது தெரிவதற்குள் ஆள் விழுந்திருப்பார். மாமா கொட்டகைக்கு மூணு பக்கம் சுவர் கிடையாது, பிழைத்தோம்.

கியர் நியூட்ரலில் இருக்கா என்று ரெண்டு தடவை பார்த்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். பல வருஷம் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும். கிளட்சை மிதித்திருக்கிறோமே என்று நம்பி கியரோடு ஸ்டார்ட் பண்ணினால் வண்டி பாய்ந்துவிடும். பிரேக்கும் இருக்காது.

சோக்கை இழுத்துவிட்டு, மாமா பையன் செல்ஃப் அடித்தான். ஒன்று. ரெண்டு. மூன்றாவது தடவை ஒரு இருமல் இருமி, பிடித்துக்கொண்டது. சிலிண்டரில் விட்ட ஆயில் எரிந்து கொட்டகை பூரா வெள்ளைப் புகை. "ஆக்சிலேட்டரை மிதிக்காத, மிதிக்காத!" என்று பெரியவர் கத்தினார். அதுதான் எல்லாரும் பண்ணுகிற அடுத்த தப்பு. ஸ்டார்ட் ஆனதும் சந்தோஷத்தில் ரேஸ் கொடுப்பது. ஆயில் முழுசாக ஊறாத எஞ்சினுக்கு அது தண்டனை. நானும் பெரியவரும் மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தோம். பத்து செகண்டுக்குள் பிரஷர் வரவில்லை என்றால் உடனே ஆஃப் பண்ணணும். வந்தது. நின்றது. நாலு நிமிஷம் ஓடியது. ஆஃப் பண்ணிவிட்டோம்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று அத்தை சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தார். எங்கே ஒழுகுது, எந்த நட்டு லூஸ் ஆகியிருக்கு என்று பார்க்கணும் அத்தை என்றேன். வாட்டர் பம்ப் லேசாகக் கசிந்தது. அதைச் சரி பண்ணிவிட்டு அப்புறம்தான் ரெண்டாவது ஸ்டார்ட்.

"வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி விட்டா போதும்ல?"

இது எல்லாரும் கொடுக்கும் அட்வைஸ். 2020 லாக்டவுனில் என் தெருவில் காலை ஏழு மணிக்கு இந்தக் கச்சேரிதான். ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி, திருப்தியாக ஆஃப் பண்ணிவிட்டுப் போவார்கள். நான் இதை முழுசாக எதிர்க்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அது வெளியே போய்விடும். ரெண்டு நிமிஷத்தில் சூடாகாது. அந்த ஆவி சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கும். செல்ஃப் அடித்துப் போன கரண்டும் பேட்டரிக்குத் திரும்பி வராது. ஆக, வாரா வாரம் வண்டிக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறீர்கள். ஒன்று, அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்க. இல்லையென்றால் ஒழுங்காக மூடி வைத்துவிட்டு சும்மா விடுங்க. பழைய ஆயிலை மாற்றிவிட்டு, பெட்ரோலை வடித்துவிட்டு, சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு, பேட்டரியைக் கழற்றி, சக்கரத்தைத் தூக்கிக் கட்டை கொடுத்து, சைலன்சர் வாயைத் துணியால் அடைத்து வைத்தால் நாலு வருஷம் கழித்தும் உங்களோடு பேசும்.

பெட்ரோலை வடிக்கச் சொல்வதற்கு இப்போது கூடுதல் காரணம் உண்டு. பாண்டியில் பெட்ரோல் விலை கம்மி என்று நாம் எல்லையைத் தாண்டி வருபவர்களைப் பார்த்துச் சிரிப்போம். எந்தப் பக்கம் போட்டாலும் சாதாரண பெட்ரோல் இப்போது இ20தான். 2023-ல் தொடங்கிப் படிப்படியாக வந்தது, 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் இழுத்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் நிற்கும். தகர டேங்க் துருப்பிடிக்க வேறு என்ன வேண்டும்? 1977-ல் செய்த ரப்பர் ஹோஸும் டயாஃப்ரமும் இதற்காகச் செய்ததில்லை. எத்தனால் தாங்கும் ரப்பராகக் கேட்டு வாங்கி மாற்றுங்க. பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை போர்டாவது பங்கில் வைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

எதிர்க்கட்சி வாதம்

"இவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கு? அஞ்சு ஞாயித்துக்கிழமை, எல்லாம் சேர்ந்து 14,000 ரூபாய்க்கு மேல, அதுவும் ஒரு பழைய தகரத்துக்கா?" என்று என் வீட்டுக்காரம்மாவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. எங்களுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது, ஒத்துக்கிறேன். எவ்வளவு ஊறவைத்தாலும் அசையாத எஞ்சின் உண்டு, அதற்குப் பிரித்து வேலை பார்ப்பது ஒன்றுதான் வழி. பொறுமையோ காசோ இல்லையா? தப்பே இல்லை. அப்படியே விடுங்க. இல்லை, இருப்பவருக்குக் கொடுங்க. சுற்றாத எஞ்சினைக்கூட ஆசைப்பட்டு வாங்குபவர் உண்டு. ரிங் உடைந்து போர் கிழிந்த எஞ்சினைக் காயலான்கடைதான் வாங்கும். தொடாமல் விட்டால் நாளைக்கு ஒருத்தருக்கு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. அதை ஒரு பேட்டரியும் பத்து பேர் கூட்டமும் சேர்ந்து கெடுக்க வேண்டாம் என்பதுதான் நான் கேட்பது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டின, பெரிய மாற்றம் செய்யாத சொந்த உபயோக வண்டி விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம் மாதிரி காரியங்களுக்கும் ரிப்பேருக்கும் எடுத்துப் போகலாம். மாமா வண்டிக்கு 2027-ல் 50 ஆகிறது. ஆர்.சி. காலாவதியாகி வருஷங்கள் ஆச்சு. அந்த வேலையை மாமா பையன் பார்க்கட்டும், எனக்கு ஆபீஸ் படியேறுவதை விட ஹேண்டில் சுற்றுவது சுலபம் :-)

ரோட்டுக்கு இன்னும் வரவில்லை. எஞ்சின் ஸ்டார்ட் ஆனது வேறு, வண்டி ஓடுவது வேறு. பிரேக் சிலிண்டர் நாலும் இறுகிக் கிடக்கிறது, டயர் எல்லாம் வெடித்திருக்கிறது. போன வாரம் போயிருந்தபோது அத்தை முன் சீட்டைத் துடைத்துக்கொண்டு இருந்தார். "என்னை எப்போ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவ?" என்றார். மூலநாதர் கோயில் கூப்பிடு தூரம்தான். "பிரேக் வேலை முடியட்டும் அத்தை" என்றேன். "13 வருஷம் இருந்தாச்சு, இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

பி.கு.: உங்க ஊர்க் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் அம்பாசடரோ பத்மினியோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ நின்றால் பின்னூட்டத்தில் சொல்லுங்க. யாராவது பேட்டரியோடு வந்தால், தயவு பண்ணி சாவியை ஒளிச்சு வச்சுடுங்க.